பிறப்புறுப்பு மருவுக்கு எந்தச் சிகிச்சை: காத்திருப்பதா, களிம்பா, உறைய வைப்பதா?

பிறப்புறுப்பிலோ ஆசனவாயைச் சுற்றியோ வந்திருப்பது மருதான் என்று உறுதியான பிறகு, மருத்துவர் நான்கைந்து வழிகளைச் சொல்லி, "எல்லாமே பலன் தரக்கூடியவைதான், உங்களுக்கு எது தோதுப்படுமோ அதைச் செய்யலாம்" என்று முடித்துவிடுகிறார். குழப்பம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வாய்விட்டுக் கேட்கத் தயங்க வைக்கும் நோய் என்பதால், பலர் இந்த முடிவை யாரிடமும் பேசாமல் தனியாகவே எடுக்கிறார்கள். எது சிறந்தது என்று கேட்டு எழுதும் வாசகர்களுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. ஏனெனில் மருத்துவர் சொன்னது உண்மை. எல்லா மருவுக்கும் எல்லா மனிதருக்கும் மேலானது என்று நிரூபிக்கப்பட்ட சிகிச்சை எதுவும் இல்லை.

ஆனாலும் தேர்வு செய்ய ஒரு பிடிமானம் இருக்கிறது. ஒவ்வொரு வழியும் நம் உடலில் பிறந்தது முதலே இருக்கும் இயல்பு நோய் எதிர்ப்பிடம் வெவ்வேறு வேலையை எதிர்பார்க்கிறது. ஒன்று அதை எழுப்பிவிடுகிறது. இன்னொன்று அதைக் கேட்காமலே மருவை அழிக்கிறது. மற்றொன்று முழுப் பொறுப்பையும் அதனிடமே விட்டுவிடுகிறது. உங்கள் உடலால் அந்த வேலையைச் செய்ய முடியுமா, அதற்கு வேண்டிய காலத்தைக் கொடுக்க உங்களால் முடியுமா என்பதே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி என்பது என் கருத்து.

அதற்கும் முன்பாக, அது மருதானா என்பது உறுதியாக வேண்டும். ஆணுறுப்பின் முனையைச் சுற்றி வரிசையாக முத்துமுத்தாகத் தெரியும் சிறு புடைப்புகள் இயல்பானவை; அவற்றுக்குச் சிகிச்சையே தேவையில்லை. மாறாக, சிஃபிலிஸ் நோயின் இரண்டாம் கட்டத்தில் வரும் தட்டையான, ஈரமான புடைப்புகள் மருவைப் போலவே தோன்றும். அவற்றுக்குப் பென்சிலின் ஊசிதான் மருந்து, களிம்பு அல்ல. கடைகளில் கிடைக்கும் கைகால் மருவுக்கான அமில மருந்தைப் பிறப்புறுப்பில் போடவே கூடாது.

## எவற்றை வைத்து ஒப்பிடுவது

ஐந்து அளவுகோல்களை எடுத்துக்கொள்கிறேன். மரு எவ்வளவு விரைவில் மறையும். மறைந்தது திரும்பி வர எவ்வளவு வாய்ப்பு. வலி, புண், தழும்பு, நிறமாற்றம் போன்ற பாதிப்புகள் எப்படி. வீட்டிலேயே செய்துகொள்ள முடியுமா, மருத்துவமனைக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டுமா. கடைசியாக, கர்ப்பம், எச்.ஐ.வி., உறுப்பு மாற்று மருந்துகள் போன்ற உடல்நிலைகளுக்குப் பொருந்துமா. இவற்றில் இரண்டாவதைத்தான் பெரும்பாலோர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். மரு மறைவதும் வைரஸ் மறைவதும் ஒன்றல்ல என்பதால், அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

## உடலின் காவல் ஏன் விழிக்கவில்லை

பிறப்புறுப்பு மருக்களில் ஏறத்தாழ 90 சதவீதத்துக்கு ஹெச்.பி.வி. எனப்படும் ஹியூமன் பாப்பிலோமா வைரஸின் 6, 11 ஆகிய இரண்டு வகைகளே காரணம். இவை புற்றுநோயை உண்டாக்கும் 16, 18 வகைகளிலிருந்து வேறானவை.

இயல்பு நோய் எதிர்ப்பு என்பது பல அடுக்குகளாக நிற்கும் காவல். முதலில் தோலும் சளிப்படலமும். அடுத்து, அந்தப் படலங்களில் சுரக்கும் டிஃபென்சின் போன்ற சிறு புரதங்கள். பெண் பிறப்புறுப்புப் பாதையில் சுரக்கும் ஒரு வகை டிஃபென்சின், ஹெச்.பி.வி. செல்லுக்குள் நுழைந்த பின்னும் அதன் பயணத்தை முடக்கவல்லது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. அதற்கும் அடுத்து, வைரஸின் மரபணுப் பொருளை மோப்பம் பிடித்து இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தைச் சுரக்க வைக்கும் உணரிகள். அவற்றோடு சேர்ந்து, தோலின் மேலடுக்கில் கிளைகளை விரித்து நிற்கும் லாங்கர்ஹான்ஸ் செல்கள். 1868-இல் இவற்றை முதன்முதலில் விவரித்த பால் லாங்கர்ஹான்ஸ் என்ற மருத்துவ மாணவர், அந்தக் கிளைகளைப் பார்த்து இவை நரம்பு செல்கள் என்றே கருதினார். அந்நியப் பொருளைப் பிடித்து நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய் டி செல்கள் என்ற வெள்ளணுக்களிடம் காட்டுவதே இவற்றின் பணி என்பது பிற்காலத்தில்தான் தெரியவந்தது.

பிறப்புறுப்பில் கொப்புளங்களை உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸ் இந்தக் காவலோடு நேருக்கு நேர் மோதுகிறது. அது நுழைந்த செல் வெடித்துச் சாகிறது; செல்லின் உள்ளடக்கம் வெளியே சிந்துகிறது; சில மணி நேரத்தில் இன்டர்ஃபெரானும் வெள்ளணுக்களும் வந்து சேர, எரிச்சலும் கொப்புளமும் உண்டாகின்றன. ஹெச்.பி.வி. இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாகத் தோலின் அடியடுக்கு செல்லுக்குள் போகிறது. உள்ளே போகும்போதும் சவ்வுப் பையொன்றுக்குள் மறைந்தபடியே உட்கருவரை பயணம் செய்வதால், செல்லின் திரவத்தில் அயல் டி.என்.ஏ. இருக்கிறதா என்று துழாவும் உணரியின் கையில் சிக்குவதில்லை. அடியடுக்கில் மிகக் குறைந்த எண்ணிக்கையில் தங்கியிருந்து, எப்படியும் உதிர்ந்துவிடப்போகும் மேலடுக்கு செல்களில் மட்டுமே புதிய வைரஸ்களைப் பெருமளவில் உருவாக்குகிறது. எந்தச் செல்லும் வெடிப்பதில்லை. வைரஸ் இரத்தத்துக்குள் செல்வதுமில்லை. ஆபத்து என்று கூவ வேண்டிய செல்லுக்கு அதற்கான சந்தர்ப்பமே வாய்ப்பதில்லை.

இது போதாதென்று, வைரஸின் இ6, இ7 என்ற இரு புரதங்களும் இன்டர்ஃபெரான் உற்பத்திக்கான கட்டளைகளைத் தடுக்கின்றன. லாங்கர்ஹான்ஸ் செல்களைத் தோலுக்கு வரவழைக்கும் வேதிச் செய்திகளையும் குறைக்கின்றன. இந்த விவரங்களில் பெரும்பகுதி 16, 18 வகைகளை வைத்து ஆராயப்பட்டவை என்றாலும், ஓசையில்லாமல் வாழும் போக்கு 6, 11 வகைகளுக்கும் பொதுவானது. வளர்ந்துகொண்டிருக்கும் மருவின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், நோய் எதிர்ப்பு செல்கள் சொற்பமாகவே தென்படும். தானாகச் சுருங்கத் தொடங்கிய மருவிலோ அந்நியப் பொருளை விழுங்கும் மேக்ரோஃபேஜ்களும் டி செல்களும் திரண்டிருக்கும். மரு மறைவதும் மறையாமல் இருப்பதும் அந்தத் திரட்சியில்தான் இருக்கிறது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் பெறப்படுகின்றன. தொற்றிய நாளுக்கும் மரு தெரியும் நாளுக்கும் இடையே வாரங்களோ மாதங்களோ, சிலருக்கு அதற்கு மேலுமோ ஆகலாம். ஆகவே மருவை வைத்துத் துணையின் நடத்தையைக் கணக்குப் போடுவது நியாயமே அல்ல. மேலும், மருவைச் சுற்றியுள்ள இயல்பான தோற்றமுடைய தோலிலும் வைரஸ் இருப்பதால், கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் நீக்குவது தொற்றை நீக்கியதாகாது. எந்தச் சிகிச்சைக்குப் பிறகும் மரு திரும்பலாம்; அப்படித் திரும்புவது பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள்தான்.

## முதல் வழி: எதுவும் செய்யாமல் காத்திருப்பது

இது அலட்சியம் அல்ல. மருத்துவ வழிகாட்டுதல்கள் ஏற்றுக்கொண்ட வழி. சிகிச்சை இல்லாமல் விட்ட மரு ஓராண்டுக்குள் தானாக மறையலாம், அப்படியே இருக்கலாம், அல்லது பெருகலாம். எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதற்கு ஒரு சான்று உண்டு: இமிக்விமோட் களிம்பைச் சோதித்து 1998-இல் வெளியான ஒரு ஆய்வில், மருந்தில்லாத வெறும் களிம்பைப் பூசியவர்களில் 11 சதவீதத்தினருக்கு 16 வாரங்களில் மருக்கள் முழுவதுமாக மறைந்தன. அதாவது, நான்கு மாதக் காத்திருப்பில் பத்தில் ஒருவருக்குப் பலன். ஓராண்டு பொறுத்தால் இந்த வாய்ப்பு கூடும்.

இதன் மறைமுகச் செலவு மனத்தின் மீது விழுகிறது. தினமும் பார்த்துப் பார்த்து வேதனைப்படுபவருக்குக் காத்திருப்பது சிகிச்சையைவிடக் கொடியது. துணைக்குத் தொற்றும் வாய்ப்பும் இக்காலத்தில் தொடர்கிறது; ஆணுறை அதைக் குறைக்குமே தவிர, அது மூடாத இடத்துத் தோல் வழியாகப் பரவுவதைத் தடுக்காது. ஒன்றிரண்டு சிறு மருக்கள், வேறு நோயில்லாத உடல், பதற்றமில்லாத மனம் ஆகிய மூன்றும் ஒருவருக்கு அமைந்தால் சில மாதங்கள் பார்க்கலாம். புகைப்பவர் என்றால் இந்தக் காலத்தில் அதை நிறுத்துவது பொருளுள்ள செயல். புகைப்பவர்களின் கருப்பை வாய்ப் படலத்தில் லாங்கர்ஹான்ஸ் செல்கள் குறைந்திருப்பது கண்டறியப்பட்டிருக்கிறது. எதிர்ப்பு சக்தியைக் கூட்டுவதாக விற்கப்படும் மாத்திரைகளையும் பொடிகளையும் இந்தப் பட்டியலில் நான் சேர்க்கவில்லை, ஏனெனில் வைரஸ் முடக்கி வைத்திருப்பது உடல் முழுவதன் எதிர்ப்பை அல்ல, அந்த ஒரு சிறு இடத்துத் தோலின் எதிர்ப்பை.

## இரண்டாம் வழி: எதிர்ப்பை எழுப்பும் இமிக்விமோட் களிம்பு

அமெரிக்காவில் 1997-இல் அனுமதி பெற்ற இந்த மருந்துக்கு வைரஸை நேரடியாகக் கொல்லும் ஆற்றல் கிடையாது. அது டி.எல்.ஆர்.-7 என்ற உணரியைத் தூண்டுகிறது. அந்த உணரியின் இயல்பான வேலை, ஒற்றை இழை ஆர்.என்.ஏ. கொண்ட வைரஸ்களைக் கண்டு எச்சரிப்பது. ஹெச்.பி.வி.யோ டி.என்.ஏ. வைரஸ். ஆகவே, இங்கே இல்லாத ஒரு எதிரியின் பெயரால் அபாய அறிவிப்பு எழுப்பப்படுகிறது. தீ என்று கூவி ஊரைக் கூட்டி, ஒளிந்திருந்த திருடனைப் பிடிப்பது போன்றது இது. கூடிவரும் டென்ட்ரிடிக் எனப்படும் காவல் செல்கள் இன்டர்ஃபெரான்-ஆல்ஃபாவையும் பிற அழற்சிப் புரதங்களையும் சுரக்கின்றன. லாங்கர்ஹான்ஸ் செல்கள் வைரஸின் துணுக்குகளோடு நிணநீர்க் கணுவுக்குப் புறப்படுகின்றன. டி செல்கள் மருவுக்கு வந்து சேர்கின்றன. முன்னொரு காலத்தில் இன்டர்ஃபெரானையே மருவுக்குள் ஊசியாகச் செலுத்திப் பார்த்தார்கள். வலியும் பக்க விளைவும் மிகுந்த அந்த முறை வழக்கொழிந்துவிட்டது. இன்டர்ஃபெரானைத் தோலே சுரக்கும்படி செய்வது அதைவிட நாகரிகமான வழி.

பயன்படுத்தும் முறை இது: 5 சதவீதக் களிம்பை வாரத்துக்கு மூன்று இரவுகள், ஒன்றுவிட்டு ஒரு நாளாக, மருவின் மீது மெல்லியதாகப் பூசி, வெள்ளை தெரியாமல் தேய்த்துவிட்டு, 6 முதல் 10 மணி நேரம் கழித்துச் சோப்பால் கழுவ வேண்டும். மரு மறையும் வரை, அதிகபட்சம் 16 வாரங்கள். முன்னே சொன்ன அதே ஆய்வில், மருந்துக் களிம்பைப் பூசிய பெண்களில் 72 சதவீதத்தினருக்கும் ஆண்களில் 33 சதவீதத்தினருக்கும் மருக்கள் முற்றாக மறைந்தன. மறைந்தவர்களில் 13 சதவீதத்தினருக்கே மூன்று மாதக் கண்காணிப்பில் திரும்பின. ஆண் பெண் வேறுபாட்டுக்குத் தோலின் தன்மையைக் காரணமாகக் கருதலாம்: ஈரமான, மென்மையான இடத்து மருக்கள் களிம்புக்கு நன்றாக இணங்கும், தண்டுப் பகுதியின் உலர்ந்த, தடித்த தோலில் அது ஆழமாக இறங்குவதில்லை.

மறைமுகச் செலவுகள் இங்கே கணிசம். சில வாரங்களில் பூசிய இடம் சிவந்து, அரித்து, சிலருக்கு மேல்தோல் உரிந்து புண்ணாகும். சிலருக்கு உடல்வலியும் லேசான காய்ச்சலும் வரும். இன்டர்ஃபெரான் சுரக்கும்போது உடல் அப்படித்தான் உணரும். புண் கடுமையானால் சில நாட்கள் நிறுத்திவிட்டு, ஆறியதும் மறுபடி தொடங்கலாம். விடுபட்ட தவணைக்காகக் கூடுதலாகப் பூசக் கூடாது. அந்த இடத்தில் தோலின் நிறம் வெளிறிப் போகலாம், அது நிரந்தரமாகவும் ஆகலாம் என்பதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது. களிம்பு தோலில் இருக்கும்போது உடலுறவு கூடாது. அது ஆணுறையையும் பலவீனப்படுத்தும். பிறப்புறுப்புக்கு உள்ளேயோ கருப்பை வாயிலோ மலக்குடலுக்குள்ளோ இதைப் பயன்படுத்தக் கூடாது. சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு அந்த நோயை இது கிளறிவிடக்கூடும்.

## மூன்றாம் வழி: செல் பிரிவதை நிறுத்தும் போடோஃபிலோடாக்சின்

இதுவும் வீட்டிலேயே போட்டுக்கொள்வது. ஆனால் எதிர்ப்பு மண்டலத்தை நம்பி இது இயங்குவதில்லை. செல் இரண்டாகப் பிரிவதற்கு வேண்டிய நுண்குழல்கள் உருவாவதைத் தடுத்து, மருவின் செல்களைச் சாகடிக்கிறது. காலை மாலை இருவேளையாக மூன்று நாள் பூசி, நான்கு நாள் ஓய்வு. இப்படி நான்கு சுற்றுகள் வரை. மருக்களின் மொத்தப் பரப்பு 10 சதுர சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஒரு நாளைக்கு அரை மில்லிலிட்டருக்கு மேல் போடவும் கூடாது.

பலன் தெரிய ஒரு மாதம் போதும் என்பது இதன் பெரிய அனுகூலம். ஆனால் நல்ல தோலில் பட்டால் எரித்துவிடும் என்பதால், மருவை நேரில் பார்த்து, கை எட்டி, அதன் மீது மட்டும் தொட முடிந்தவருக்கே இது பொருந்தும். கண்ணாடியை வைத்துக்கொண்டு தடுமாற வேண்டிய இடத்தில் மரு இருந்தால் வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு முற்றிலும் தடை. இமிக்விமோட்டுடன் இதை நேருக்கு நேர் ஒப்பிட்டு, 503 பேரைக் கொண்டு நடத்தி 2020-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், 16 வாரத்தில் மறைந்து 48 வாரம் வரை திரும்பாமல் இருப்பது என்ற கடுமையான அளவுகோலில், இரண்டில் ஒன்று தெளிவாக வென்றதாகக் காட்ட முடியவில்லை. ஆகவே இவ்விரண்டுக்கும் இடையே முடிவு செய்யும்போது மருவின் இடம், கையில் உள்ள காலம், கர்ப்ப வாய்ப்பு ஆகியவையே எடை கூடியவை.

பச்சைத் தேயிலைச் சாற்றிலிருந்து செய்யப்படும் சினகேட்டகின் களிம்பும் உண்டு. தினம் மூன்று வேளை, 16 வாரம் வரை என்பதால் அதைக் கடைப்பிடிப்பது கடினம்.

## நான்காம் வழி: மருத்துவர் கையால் நீக்குவது

சுழியத்துக்குக் கீழே 196 டிகிரி செல்சியஸில் இருக்கும் திரவ நைட்ரஜனால் மருவை உறைய வைப்பது இவற்றில் பரவலானது. மருவும் அதைச் சுற்றி மெல்லிய வளையமும் வெள்ளையாக உறைந்து, பிறகு இளகி, ஓரிரு நாளில் கொப்புளமாகி உதிரும். ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று பல தடவை செய்ய நேரலாம். 80 முதல் 90 சதவீத டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தை மருவில் தொட்டு வைப்பது இன்னொரு முறை. கத்தரித்தோ மின்சாரத்தால் சுட்டோ எடுப்பது மூன்றாவது. மரத்துப்போகும் ஊசி போட்டு, ஒரே அமர்வில் முடித்துவிடலாம்.

உறைந்து உடைந்த செல்கள் உள்ளடக்கத்தைச் சிந்துவதால், ஹெச்.பி.வி. தவிர்த்து வந்த அழற்சி இங்கே ஓரளவு கிளம்புகிறது. ஆனால் அது துணைவிளைவுதான். சுற்றுத் தோலில் உள்ள வைரஸ் அப்படியே இருப்பதால், கண்ணெதிரே சுத்தமாகத் தெரிந்த இடத்தில் மரு திரும்புவது, ஐந்தில் ஒருவர் முதல் இருவர் வரை காணப்படும் அனுபவம். முதல் அமர்விலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணிப் போகிறவர்கள் ஏமாற்றம் அடைவது இதனால்தான். வலி, தழும்பு, ஒவ்வொரு முறையும் விடுப்பு எடுத்து வந்து ஆடை களைந்து படுக்க வேண்டிய சங்கடம் ஆகியவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | காத்திருப்பு | இமிக்விமோட் | போடோஃபிலோடாக்சின் | உறைய வைத்தல், அமிலம், வெட்டி எடுத்தல் |
|---|---|---|---|---|
| எதிர்ப்பு மண்டலத்தின் பங்கு | முழுவதும் | தூண்டப்படுகிறது | குறைவு | குறைவு |
| காலம் | ஓராண்டு வரை | 16 வாரம் வரை | 4 வாரம் வரை | ஒரு அமர்வு முதல் சில மாதங்கள் வரை |
| திரும்பும் வாய்ப்பு | தானாக மறைந்தால் குறைவு | ஒப்பீட்டளவில் குறைவு | கூடுதல் | கூடுதல் |
| முக்கியத் தொல்லை | கவலை, பெருகும் வாய்ப்பு | சிவப்பு, புண், நிறமாற்றம் | எரிச்சல், நல்ல தோல் வேகுதல் | வலி, தழும்பு |
| இடம் | வீடு | வீடு | வீடு | மருத்துவமனை |
| கர்ப்ப காலம் | முடியும் | தவிர்ப்பது நல்லது | கூடாது | முடியும் |

## யாருக்கு எது

உடல் நலமாக இருந்து, மருக்கள் பல இடங்களில் பரவி, மென்மையான ஈரத் தோலில் இருந்தால், நான் முதலில் சொல்வது இமிக்விமோட். நான்கு மாதம் பொறுக்கும் மனம் இருந்தால், கண்ணுக்குத் தெரியாத தொற்றையும் சேர்த்து எதிர்கொள்ள அது ஒரு வாய்ப்பைத் தருகிறது. ஆணுறுப்பின் தண்டில் உலர்ந்து தடித்த ஒன்றிரண்டு மருக்கள் என்றால் உறைய வைப்பது மேல். பெரிதாகக் குவிந்து வளர்ந்ததை எந்தக் களிம்பாலும் கரைக்க முயலாமல் அறுவை மருத்துவரிடம் போவதே சரி.

கர்ப்பிணிகளுக்கு உறைய வைத்தலும் அமிலமும் அறுவையும்தான் வழி. கர்ப்ப காலத்தில் மருக்கள் வேகமாக வளரலாம். பிரசவத்துக்குப் பின் தாமாகவே சுருங்குவதும் உண்டு.

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும், உறுப்பு மாற்றுக்குப் பின் எதிர்ப்பை அடக்கும் மருந்து உண்பவர்களுக்கும் கணக்கு மாறுகிறது. எழுப்ப வேண்டிய காவலே நலிந்திருக்கும்போது, எழுப்பும் மருந்தின் பலனும் குறையும். மருக்கள் அளவில் பெரிதாகவும் எண்ணிக்கையில் அதிகமாகவும் வந்து, அடிக்கடி திரும்பும். இவர்களுக்கு நேரடியாக நீக்கும் முறையே முதன்மையாக இருக்க வேண்டும், எச்.ஐ.வி.க்கான மருந்தைத் தவறாமல் உண்பது அதற்கு இணையான சிகிச்சை. உறுப்பு மாற்றியவர்கள், எதிர்ப்பைத் தூண்டும் எந்த மருந்தையும் மாற்றுச் சிகிச்சை மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

ஹெர்பிஸுக்கும் எதிர்ப்பைத் தூண்டும் களிம்பு உதவாதா என்று கேட்பவர்கள் உண்டு. இமிக்விமோட்டின் உறவான ரெசிக்விமோட்டைப் பிறப்புறுப்பு ஹெர்பிஸில் பெரிய அளவில் சோதித்தார்கள். எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. அந்த வைரஸ் தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சில் தங்கியிருப்பதால், தோலில் எழும் எச்சரிக்கை அங்கே எட்டுவதில்லை. ஹெர்பிஸில் தேர்வு வேறு: அசைக்ளோவிர் வகை மாத்திரையைக் கொப்புளம் வரும்போது மட்டும் உண்பதா, தினமும் உண்பதா என்பது. அடிக்கடி வருபவர்களுக்கும், தொற்றில்லாத துணையோடு வாழ்பவர்களுக்கும் தினமும் உண்பதே பொருத்தம்; 2004-இல் வெளியான ஆய்வில், தினமும் 500 மில்லிகிராம் வாலாசைக்ளோவிர் உண்டது துணைக்குத் தொற்றுவதை ஏறத்தாழ பாதியாகக் குறைத்தது.

ஹெச்.பி.வி. தடுப்பூசி இந்த ஒப்பீட்டில் ஒரு வழியாக இடம்பெறாததற்குக் காரணம், அது வந்த மருவைக் குணப்படுத்துவதாக நிரூபிக்கப்படவில்லை என்பதே. வருமுன் தடுப்பதில் அதன் ஆற்றல் பெரிது: 2007-இல் ஆஸ்திரேலியா சிறுமிகளுக்கும் இளம்பெண்களுக்கும் அதைத் தரத் தொடங்கி, நான்கே ஆண்டுகளில் பாலியல் நோய் மருத்துவமனைகளுக்கு வந்த 21 வயதுக்குட்பட்ட பெண்களில் மரு கண்டறியப்படுவது 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. மருவுக்குச் சிகிச்சை எடுப்பவரும் தகுந்த வயதில் இருந்தால் போட்டுக்கொள்ளலாம்; தொற்றாத பிற வகைகளிலிருந்து அது காக்கும்.

## எப்போது வழியை மாற்றுவது

பெரும்பாலான மருக்கள் மூன்று மாதத்துக்குள் சிகிச்சைக்கு இணங்கும். ஒரு முழுச் சுற்று முடிந்தும் மாற்றமே தெரியாவிட்டால் அதே மருந்தை நீட்டிக்காமல் வேறு வகைக்குப் போக வேண்டும். களிம்பிலிருந்து உறைய வைத்தலுக்கும், உறைய வைத்தும் திரும்பத் திரும்ப வந்தால் அதிலிருந்து இமிக்விமோட்டுக்கும் மாறுவது இயல்பான போக்கு. கருமை படர்ந்த, இரத்தம் கசியும், அடியோடு இறுகிப்போன, புண்ணாகி ஆறாத மரு எதுவாக இருந்தாலும், அடுத்த சிகிச்சைக்கு முன் அதிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்துத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புமாறு மருத்துவரிடம் கேளுங்கள்.